சீசியத்தைப் பிடித்தவள்

மெயின்லேண்டில், அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பில் மிஞ்சும் திரவக் கழிவைச் சுத்தம் செய்யும் ஆலையில் நானும் என் மனைவியும் வேதியியலாளர்களாக இருந்தோம். ஓய்வுக்குப் பின் இந்தத் தீவில், மரைன் ஹில்லில், அவள் பிறந்த வீட்டில் வசிக்கிறோம்.

போன வாரம் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. அவள் வாளியில் படிகாரத்தைச் சுழற்றுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இந்தியில் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க ஆலையிலும் இப்படித்தானா?"

"கிட்டத்தட்ட..." என்று மனைவி தொடங்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன். செம்பு உப்பு சேர்த்தால் கழிவிலுள்ள கதிரியக்கச் சீசியம் வண்டலோடு அடியில் தங்கும். எங்களுக்கோ நீர் தெளிந்தும் கதிர்வீச்சு குறையவில்லை. முதலில் காரத்தைக் குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம் என்றேன்.

"அரே வா! யார் கண்டுபிடிச்சது, அங்கிள்?"

"நாங்கதான்."

"ஆமா, அங்கிள் கண்டுபிடிச்சார், நான் பீக்கர் கழுவினேன்," என்று மனைவி சிரித்தாள்.

உண்மையில் கண்டுபிடித்தது அவள் ஒருத்திதான். நான் செம்பு உப்பைக் கூட்டிக்கொண்டே இருந்தபோது, அவள் ஒரு பீக்கரில் முதலில் அமிலத்தை விட்டுக் காட்டினாள். பிறகு ஆலைக் கூட்டத்தில் நான் 'நாங்கள்' என்றே பேசினேன். பதவி உயர்வும் எனக்கே வந்தது. அப்படியும் அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை தீரவில்லை.

"இவதான் கண்டுபிடிச்சா. நான் இல்ல," என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக மனைவி என்னிடம் தமிழில், "இதை அன்னிக்கு மீட்டிங்ல சொல்லியிருக்கணும்," என்றாள்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த அணைப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.