பூச்சிக்கு வைத்த மருந்து

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் அக்காவுக்கு பக்டீரியா என்றாலே பூச்சிதான். "உங்கட பூச்சியள் நல்லாக் கிடக்கு புள்ள" என்று காலையில் அவர் சொன்னால்தான் எனக்கு மதியச் சோறு இறங்கும்.

அந்தப் பூச்சிகளிடம் நான் வாங்க நினைத்த வேலை பெரியது. படுவான்கரை வயல் வட்டைகளில் வேளாண்மை வெட்டுகிறவர்களைப் புடையன் பாம்பு கடிக்கும். அதற்கான மருந்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பார்கள். குதிரையே இல்லாமல், நஞ்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரியின் ஒரு துண்டை பக்டீரியாவைக் கொண்டு செய்விக்க முடியுமா என்பதுதான் என் பட்ட ஆய்வு. அதற்கான பரம்பரை அலகை, அதாவது ஜீனை, ஒரு டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றி பக்டீரியாவுக்குள் விட்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த வளையத்துக்கு வேறு பிரதி எங்களிடம் இல்லை.

பக்டீரியாவோ சரியான சோம்பேறி. வளையத்தைச் சுமப்பது பாரம் என்று, சமயம் பார்த்துக் கைவிட்டுவிடும். அதனால் அதே வளையத்தில், பக்டீரியாவைக் கொல்லும் அம்பிசிலின் மருந்தைத் தாங்கும் சக்தியையும் வைத்து, உணவில் அம்பிசிலினைக் கலப்போம். வளையத்தை விட்டது சாகும், வைத்திருப்பது பிழைக்கும். சுத்தமான தூள் வராத யுத்த காலம். மருந்துக்கடைக் கப்சூல்களை உடைத்துத்தான் கலந்தோம். அதையும் சோதனைச்சாவடியில் கடிதம் காட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

இரண்டு வாரப் பயிற்சிக்கென்று நான் கொழும்பு போன நேரம் சண்டை மூண்டது. பாதை பூட்டு, பல்கலைக்கழகமும் பூட்டு. மின்சாரம் போனதும் அக்கா பூச்சிக் குழாய்களையும் கப்சூல்களையும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, பெரியகல்லாற்றில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கிழமைக்கு ஒருமுறை புது உணவு காய்ச்சி, பூச்சிகளை அதற்கு மாற்றினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து நான் திரும்பியபோது, குழாய் நிறையப் பூச்சிகள் வெள்ளையாகப் படர்ந்திருந்தன. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அன்றே கொஞ்சம் எடுத்து அம்பிசிலின் கலந்த தட்டில் பூசினேன். மறுநாள் தட்டு கழுவிவைத்த கோப்பை மாதிரி இருந்தது. எல்லாக் குழாய்களையும் பூசிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

"அக்கா, மருந்து கலந்தீங்களா இல்லையா?"

"முதல் மாசம் கலந்தன் புள்ள. பிறகு பள்ளிக்கூடத்து அகதி முகாமில ஒரு பொம்புளப் புள்ளைக்கு நெஞ்சில சளி கட்டி, மூச்செடுக்கேலாமக் கிடந்திச்சு. இந்த மருந்துதான் வேணும், கையில இல்லையெண்டு நேர்ஸ் சொன்னா. பூச்சிய ஒரு கிழமை பட்டினி போடலாமெண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பிறகு மத்தப் புள்ளையளுக்கும் வந்திட்டு."

பட்டினி கிடப்பதாக அவர் நினைத்த பூச்சிகள், வளையத்தை உதறிவிட்டுக் கொழுத்துக் கிடந்தன. நான் கத்தினேன். மூன்று வருட உழைப்பு நாசம் என்றேன், உங்களை நம்பினேனே என்றேன். அவர் குழாய்களைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் அவராகவே சொன்னார். "அந்தப் புள்ள இப்ப ஓடித் திரியுது." தன் பக்க நியாயம் சொல்வதற்காக அல்ல, எனக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாத யாருக்கோ மருந்து செய்யப் புறப்பட்டவள் நான்.

கடிதம் எழுதி, ஒரு வருடம் காத்திருந்து, வளையத்தை மறுபடி வாங்கினேன். கப்சூலுக்கான அனுமதிக் கடிதத்தில் இம்முறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டிருந்தேன். பெட்டியை அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதில பூச்சிக்கு எவ்வளவு வேணும், புள்ள?"

"பாதி போதும் அக்கா" என்றேன்.