இருபத்து நாலு படல்

ஒன்பது ஆடுகள். பட்டியின் கோடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. விடிந்ததும் மூங்கில் படலைத் திறந்த தீர்த்தம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் எண்ணி உள்ளே விட்டவை நூற்று முப்பது. ராத்திரி முழுக்க இடியும் மழையும். ஆடுகள் கத்தின சத்தம் காதில் விழுந்தது. மழைக்குக் கத்துகின்றன என்று குடிசைக்குள் படுத்திருந்தாள். இப்போது பார்த்தால் செத்ததுகளின் வாயில் நுரை.

"விஷம்டி காவேரி," என்றாள் மருமகளிடம்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. பென்னாகரத்துப் பக்கத்தில், புருஷன் செத்த பிறகும் மந்தையை விற்காமல் கட்டி மேய்த்தவள் தீர்த்தம்மாள். ஆட்டுப் புழுக்கை உரத்துக்காக, நிலம் வைத்திருக்கும் கொல்லைக்காரர்கள் அவள் மந்தையைக் கூப்பிட்டு ராத்தங்க வைப்பார்கள். மூங்கில் படல்களைச் சுமந்து போய் நட்டு, பட்டி அடைப்பாள். படல் இருபத்து நாலு. ஒவ்வொன்றும் நாலு முழ அகலம். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் எண்ணிக்கை தப்பாது.

வழக்கமாகப் பக்கத்துக்கு ஆறு படல் வைத்துச் சதுரமாக அடைப்பாள். இந்தத் தடவை கொல்லைக்காரர் வெங்கடாசலம் மேட்டுத் தரிசைக் காட்டினார். அவளோ தண்ணீர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று வாய்க்கால் ஓரத்துக்கே ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே கடலைச் செடிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு படல் அகலத்துக்குத்தான் தடம். நீளவாட்டில் பதினொன்று, எதிரே பதினொன்று, இரண்டு கோடிக்கும் ஒவ்வொன்று என்று அடைத்தாள்.

"ஆடு நெருங்குமேக்கா," என்றார் வெங்கடாசலம்.

"அதே இருபத்து நாலு படல்தான தம்பி? ஒண்ணாவது மீந்துச்சா? அப்பறம் எடம் மட்டும் எங்க போவும்?"

"என்னமோ போங்க. கடலையில வாய் வெக்காம பாத்துக்கங்க, மருந்து அடிச்சிருக்கு."

அந்த மருந்துப் பேச்சுதான் விடிந்ததும் அவள் நினைவுக்கு வந்தது. நேரே அவர் வாசலுக்குப் போனாள். தெருவே கூடிப் பார்க்க, மூன்று பிடி மண்ணை வாரித் தூற்றினாள்.

"வாயில்லாச் சீவன கொன்னவன் வூடு வெளங்காது! வம்சம் தழைக்காது!"

என்ன சத்தமென்று நிறைமாத வயிற்றோடு வெளியே வந்த அவர் மகள் முனியம்மாள் மேல் அந்த மண் விழுந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். விஷம் நான் வைக்கவில்லை என்று வெங்கடாசலம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தீர்த்தம்மாள் திரும்பியும் பார்க்கவில்லை.

மத்தியானம் படல்களைப் பிடுங்கி ஏரிக்கரைப் புறம்போக்கில், பக்கத்துக்கு ஆறாக நட்டார்கள். ஆடுகள் உள்ளே போய்த் தாராளமாகப் படுத்தன. நடுவில் வெறுந்தரை மிச்சம்.

"ஒம்போது போனதுக்கா அத்தே இவ்வளவு எடம்?" என்றாள் காவேரி. "நேத்து திரும்பக்கூட முடியாம நின்னுதே."

"வாய மூடுடி. அதே படல்."

மூடச் சொன்னாளே தவிர, அவளுக்கும் உறுத்தியது. ஆடுகளை வெளியே ஓட்டினாள். படலும் படலும் சேரும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரைக்கும் கோலால் கோடு இழுத்தாள், குறுக்கேயும் அப்படியே. தரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கட்டத்துக்கு ஒரு புழுக்கை வைத்தாள். வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, முப்பத்தாறு.

வாய்க்கால் ஓரத்துக்கு ஓடினாள். படல் நட்ட குழிகள் அப்படியே இருந்தன. அங்கேயும் கட்டம் போட்டாள். ஒரே ஒரு வரிசை. பதினொன்று.

திரும்ப எண்ணினாள். காவேரியை எண்ணச் சொன்னாள்.

"பதினொண்ணுதான் அத்தே."

சுற்று ஒரு முழம் குறையவில்லை. உள்ளே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அந்தச் சந்தில் நூற்று முப்பதைத் திணித்திருக்கிறாள். இடிக்கு மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டி வந்த நுரை அது. பொத்தென்று ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டி கொன்னுட்டேன். நான் கொன்னுட்டு அந்தப் புள்ளத்தாச்சி மேல மண்ண போட்டேனே!"

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியே அறியாதவள், பொழுது சாய்வதற்குள் கையில் விளக்குமாறோடு வெங்கடாசலம் வாசலில் நின்றாள். தெரு மறுபடி கூடியது.

"இன்னும் மண்ணு பாக்கியிருக்குதாக்கா?" என்றார் அவர்.

"தூத்துனத அள்ள வந்தேன் தம்பி. விஷமில்ல. எடம் பத்தாம நெரிஞ்சு செத்துது. அதே படல்தான், ஆனா சந்துல மூணுல ஒரு பங்கு எடம்கூட இல்ல. நீ சொன்ன, நான்தான் கேக்கல."

அவள் கணக்கை ஒருத்தரும் நம்பவில்லை. "ஆடு போன துக்கத்துல ஒளறுது," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "வெங்கடாசலம் பயமுறுத்தியிருப்பான்," என்று முணுமுணுத்தாள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அவரே, "சுத்து ஒண்ணுன்னா எடமும் ஒண்ணுதானக்கா?" என்றார்.

தீர்த்தம்மாள் விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவினாள். ஒரே அளவாக இருபத்து நாலு ஒடித்து, வாசலிலேயே பட்டி கட்டினாள். முதலில் சதுரம், பிறகு அதன் தடத்துக்குப் பக்கத்தில் அதே குச்சிகளால் சந்து. இரண்டிலும் கட்டம் இழுத்தாள்.

"நீ எண்ணு தாயி," என்றாள் முனியம்மாளிடம்.

முனியம்மாள் நின்றபடியே விரல் நீட்டி எண்ணினாள். முப்பத்தாறு. பதினொன்று. முணுமுணுத்தவள் குனிந்து தானே எண்ணிப் பார்த்து, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடேங்கப்பா!" என்றார் வெங்கடாசலம்.

தீர்த்தம்மாள் குச்சிப் பட்டியை விட்டு, மிச்ச வாசல் மண்ணைக் கூட்டி முந்தானையில் அள்ளி முடிந்தாள். நிமிர்ந்தபோது முனியம்மாள் சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கி மடமடவென்று குடித்ததில் பாதித் தண்ணீர் குச்சிப் பட்டியின் மேலேயே சிந்தியது.