கடைசிப் பக்கத்தில் மிஞ்சிய இடம்

லிஃப்டில் ஒரு பெண் நகப்பூச்சை ஊதிக்கொண்டு நின்றாள். அந்த நெடி போதும், எனக்குத் தொண்ணூறுகள் வந்துவிட்டன. ஸ்டென்சில் தாளில் தப்பாக அடித்த எழுத்தை மூட ஒரு சிவப்புத் திரவம் உண்டு. அதற்கும் இதே வாசனை. அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே அழகுசாதனம் அதுதான்.

கோவையில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. லாட்ஜில் என் அறைத்தோழன் ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவன். அவன் நாட்டில் ராணுவ ஆட்சி. இந்தியாவில் படிக்கும் தன் நாட்டவர்களுக்காக நான்கு பக்கப் பத்திரிகை எழுதுவான்; நான் ஸ்டென்சிலில் அடித்துப் பிரதி எடுப்பேன். எழுதியவன் பெயர் மட்டும் இருக்காது. தெரிந்தால் ஊரில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மெஸ்காரம்மாவிடம் தமிழ் கற்றவன். திட்டுவதிலும் மரியாதை குறையாது. "எங்க தளபதி பெரிய திருடனுங்க" என்பான்.

ஓர் இதழில் கடைசிப் பக்கத்தில் நாலு விரற்கடை இடம் மிஞ்சியது. எங்கள் பக்கத்துக் காதுகுத்துப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்களே. மாமன் மச்சான் பெயர் ஒன்று விட்டுப்போனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. உழைத்தவன் பெயர் இல்லாமல் தாளை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. 'இப்படிக்கு' என்று போட்டு அவன் பெயரை, அப்பா பெயரோடு, பெரிய எழுத்தில் அடித்தேன். அவன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். தபாலில் சேர்த்ததும் நானே. ஆபத்தெல்லாம் மறந்துபோகுமா என்பீர்கள். மரியாதை செய்யும் வேகத்தில் மறந்துபோகும்.

ஒரு மாதத்தில் ஊரில் அவன் அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். மகன் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விடுவார்களாம்.

"எழுதிக் குடுத்துப்போடு கண்ணு, அப்பன் உசுரு பெருசல்ல?" என்றார் மெஸ்காரம்மா.

"எழுதுனா அப்பாவே என் மூஞ்சில முழிக்கமாட்டாருங்க."

போத்தனூர் ஸ்டேஷனில் வைத்துத்தான் சொன்னான், தன் நாட்டு எல்லையில் இருக்கும் போராளிகளிடம் போகிறேன் என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, தலையத் தூக்குங்க. பேரு வந்துபோச்சு. இனி ஒளிஞ்சு எழுத வேண்டியதில்லைங்க."

முகாமிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அப்பா இன்னும் உள்ளேதான் என்றது இரண்டாவது. பிறகு ஒன்றுமில்லை. லாட்ஜ் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. இன்டர்நெட்டில் பெயரை அடித்தால் உலகத்தில் யாரையும் கண்டுபிடிக்கலாம் என்கிறான் கடைப்பையன். ஒருநாள் உட்கார்ந்தேன், முதல் எழுத்துக்கு மேல் விரல் போகவில்லை. அந்தப் பெயரை ஒருமுறை அடித்துப் பார்த்தவன் நான்.