என் வண்டிக்கு அப்பா தட்டினார்

நியூசிலாந்தின் வெலிங்டனில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும், கோட்டுப் போட்ட வக்கீலும் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டி, கழுத்துவலி வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். அம்பாசமுத்திரத்தில் நான் பார்த்து வளர்ந்த டிரைவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினால் வசவு கிடைக்கும், அவ்வளவுதான். அந்த டிரைவர் என் அப்பா. மணிமுத்தாறு அணையைத் தாண்டி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் மலைப்பாதையில் ரிட்டயர் ஆகும்வரை பஸ் ஓட்டியவர்.

நானும் டிரைவர்தான். கல்யாணமாகிக் கணவரோடு நியூசிலாந்து வந்து, கொஞ்ச காலம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, பிறகு பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கினேன். இப்போது இந்தக் கடற்கரை நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறேன். ஓட்டிக்கொண்டே மைக்கில் ஊர்ப்பெருமையும் சொல்ல வேண்டும். இதைப் போனில் சொன்ன அன்று அப்பா கேட்டது ஒன்றுதான்: "டிரைவர் மவ டிரைவராத்தான் ஆவணுமாட்டி? ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாப்பேன்னுல்லா படிக்க வச்சேன்." அதன்பிறகு ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், மகள் சுற்றுலாத் துறையில் ஆபீசர் என்று சொல்லிவைத்துவிட்டார். அவரோடு கடைசிவரை கண்டக்டராக இருந்த சுடலை மாமாவிடமும் அதே கதைதான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பெருமையாகச் செய்கிற வேலை என் சொந்த ஊரில் ஒளித்துவைக்கிற சங்கதியாக இருக்கிறதே என்று பல நாள் மனம் கொதித்திருக்கிறேன். அப்பாவை இங்கே வரவழைத்ததே அதற்காகத்தான். கண்ணால் பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவர் வாயாலேயே ஊருக்கு உண்மையைச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

வந்தவுடன் என் லீவு நாளில் ஊரைச் சுற்றிக் காட்டினேன். மலைமேல் ஏறும் சிவப்பு கேபிள் காரில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். மியூசியத்தில் வைத்திருக்கும் ராட்சதக் கணவாய் மீனைப் பார்த்து, "இது வலையில மாட்டும்போது எத்தன பேரு பயந்து ஓடிருப்பான்!" என்றார். துறைமுகக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பொரித்த மீன் தின்றார். ஓரியன்டல் பே என்ற கடற்கரையில், இந்த மணல் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து கொட்டியது என்று சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை. "கொண்டாந்து கொட்டுதானா? நம்ம ஆத்துல அள்ளிட்டுல்லா போறான்!" என்று குனிந்து ஒரு கை மணலை எடுத்து ஆராய்ந்தார். எல்லாவற்றையும் ரசித்தார். என் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள், "என் வண்டியில வாங்கப்பா" என்று நானேதான் கூப்பிட்டேன்.

முன்சீட்டில் உட்கார்ந்தார். சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியில் என் இடம் எஞ்சின் பெட்டிமேல்தான். பின்பக்கம் சுடும், ஆனாலும் இறங்கமாட்டேன். அந்தப் பாதையில் ஒரு வண்டி போகும் அகலம்தான் பல இடங்களில். எதிரே லாரி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். அப்போது சுடலை மாமா குதித்து இறங்கி, பள்ளத்தின் ஓரமாக நின்று, வண்டியின் பக்கத் தகரத்தைத் தட்டித் தட்டி வழி சொல்லுவார். அப்பா கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்ப்பார். தட்டுவது கண்டக்டர் வேலை, இல்லையென்றால் கிளீனர் வேலை. டிரைவர் இன்னொரு டிரைவருக்கு இறங்கித் தட்டமாட்டார். ஒருமுறை டிப்போ அதிகாரியின் ஜீப் வளைவில் சிக்கிக்கொண்டபோதும் அப்பா சீட்டைவிட்டு அசையவில்லை. "ஸ்டியரிங் பிடிச்ச கை தகரத்தத் தட்டாது வே" என்று சுடலை மாமாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விக்டோரியா மலைக்கு ஏறத் தொடங்கியதும் அப்பாவின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். "ஹாரன் அடிட்டி" என்றார். இங்கே ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள் என்றேன். "வளவுல ஹாரன் அடிக்காத ஊரு என்ன ஊரு!" கீழே துறைமுகம் முழுக்க நீலமாக விரிந்து கிடந்தது. நான் மைக்கில் காட்டிக்காட்டிச் சொன்னேன். வண்டியிலிருந்த எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்பா மட்டும் என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் அவர் கால் படும் பாட்டைக் கவனித்திருக்கிறார். அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்து ஆங்கிலத்தில் ஏதோ சமாதானம் சொன்னார்.

"என்னட்டி சொல்லுது அந்தம்மா?"

"மலப்பாதைய நெனச்சிப் பயப்படாதீங்க, நல்ல டிரைவர்தான் ஓட்டுதான்னு சொல்லுதாங்கப்பா."

"எனக்கா பயம்?" என்று அப்பா முறைத்த முறைப்பைக் கண்டு, இன்னும் பயந்துவிட்டார் என்று நினைத்து அந்த அம்மாள் ஒரு மிட்டாய் கொடுத்தார். என் சிரிப்பை மைக்கில் விழாமல் அடக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மேலே வண்டி திருப்பும் இடத்தில் யாரோ ஒரு வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கடல் பார்க்கப் போயிருந்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டேன். ஒரே வீச்சில் திருப்ப முடியாது. பாறைச் சுவருக்கும் வேனுக்கும் நடுவில் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். வண்டியில் கேமரா இருக்கிறது, திரையில் எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் புதிதல்ல. ரிவர்ஸ் கியரைப் போட்டேன். முன்சீட்டைப் பார்த்தால் காலி.

பின்பக்கத் தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். காற்றில் வேட்டி பறக்க, பாறையோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடி… இன்னும் ஒடிட்டி… பைய… பைய வரட்டும்… ஹோல்டான்!"

நான் திரையைப் பார்க்கவில்லை. கம்பெனி விதிக்கு அது தவறுதான். கண்ணாடியில் அவர் கை சொன்னபடி வந்தேன், அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கு எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்! அத்தனையும் சேர்ந்து அந்தத் தகரச் சத்தத்துக்கு ஈடாகாது.

மஞ்சள் சட்டை போட்ட காவலாளி ஒருவர் ஓடிவந்து, அந்தப் பெரியவர் உங்கள் கம்பெனி ஆளா என்று கேட்டார். "என் கண்டக்டர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரைட், ரைட்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா போனை எடுத்தார். அம்பாசமுத்திரத்தில் அப்போது காலை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சுடலை மாமாவின் முகம் திரையில் வந்தது.

"ஏ சுடல, இங்கரும். எம்மவ ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய்யி. பஸ் ஓட்டுதா வே. இந்தா நிக்கி பாரும், இந்த வண்டியத்தான் ஓட்டுதா. இப்ப ரிவர்ஸ் எடுத்தா, நாந்தான் எறங்கித் தட்டுனேன்."

சுடலை மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீரா வே தட்டுனீரு?"

"நாந்தான்."

"அப்பம் பெரிய டிரைவர்தான்" என்றார் சுடலை மாமா. பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி செல்வி, ஊருக்கு வந்தா மாஞ்சோல வண்டிய ஒருநா நீ ஓட்டிக் காட்டணும், நான் விசில் அடிக்கேன்" என்றார். தேயிலைத் தோட்டத்தை மூடிவிட்டதும், அங்கிருந்த ஜனம் மலையைவிட்டு இறங்கிப் போய்விட்டதும் அவருக்கும் தெரியும். "ஏறுததுக்கு ஆளு வேணும்லா வே" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது வண்டி நிறைந்திருந்தது. முதல் வளைவில் கடலைக் காட்டி மைக்கில் பேசிக்கொண்டே இறங்கினேன். முன்சீட்டில் அப்பா, பழக்கதோஷம், எங்கள் மலையின் நிறுத்தங்களை இறங்குமுகமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி. மாஞ்சோலை என்று அவர் சொன்னபோது என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி கொள்ளாமல் ஆள் இருந்தும், இறங்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.