அவிழ்க்காத கயிறு

சினிமாவுக்குத் திரைக்கதை எழுதி எழுதியே பாதி ஆயுசு போய்விட்டது. பத்து எழுதினால் ஒன்று படமாகும். அந்த ஒன்றிலும் நான் எழுதியது எங்கே என்று நானே தேட வேண்டியிருக்கும். இருந்தும் அந்த டிரம்பெட்காரரின் வாழ்க்கையைப் படமாக்க எழுதச் சொன்னபோது ஒத்துக்கொண்டேன். எங்கள் தருமபுரிப் பக்கத்து ஆள். ஆர்கெஸ்ட்ராவில் அவர் ஊதினால் பாடுகிறவர்களுக்கு வேலை இருக்காது. குடி அவரைத் தின்றுகொண்டே இருந்தது. கடைசியில் தொப்பூர் கணவாயில் வண்டி லாரியில் மோதியது, ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் போனது.

அவர் மனைவி மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டியில் காய் பிரிக்கிறார். கதை கேட்கப் போனபோது அவர் எதையும் மறைக்கவில்லை. அடி வாங்கியது, தாலியை அடகு வைத்தது, மேடையிலேயே மனுஷன் சாய்ந்தது, எல்லாம் சொன்னார்.

"அத்தனையும் எழுதுங்க சார். சாவ மட்டும் சரியா எழுதுங்க. அன்னிக்கி அவரு குடிக்கலைங்க."

எங்கள் பக்கம் குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். மணிக்கட்டில் கயிறு இருக்கும்வரை தொடமாட்டார்கள். சபலம் தட்டினால், கயிற்றை அவிழ்த்து ஏதாவது மரத்தில் கட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். சாமிக்கு அவ்வளவு மரியாதை. டிரம்பெட்காரரும் கட்டியிருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்த உடம்பில் கயிறு இல்லை. ஊருக்கு அது போதும். அவிழ்த்தான், குடித்தான், செத்தான் என்று முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்காக நர்ஸ் அதைக் கத்தரித்ததை இந்த அம்மா கண்ணால் பார்த்தவர். சொல்லியும் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செத்தவரின் கூடப்பிறந்த அண்ணனே நம்பவில்லை.

நான் அந்த அம்மா சொன்னபடியே எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு "பிரமாதம் சார்" என்றார். எங்கள் தொழிலில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

"ஆனா அவன் கயித்த அவுக்கிற ஷாட் வேணும். க்ளோசப்ல விரல் நடுங்கணும். குடிகாரன் குடிக்காம செத்தா ஜனம் எதுக்கு சார் அழும்?"

மாதக்கணக்கில் வாதாடினேன். கதாநாயகனுக்கும் விரல் நடுங்குவது பிடித்துப்போனது. ஒருநாள் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது. அதைவிட அலுப்புதான் அதிகமாக வந்தது.

அந்த அம்மாவிடம் இதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை. பாலக்கோட்டில் பஸ் மாறி நேரிலேயே போனேன். கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"குடிச்சுட்டு வந்து குடிக்கலம்பாரு, நான் நம்பமாட்டேன். குடிக்காம போனாரு, அத யாரும் நம்பல" என்றார். பிறகு, "நீங்க எழுதினது கையில இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய கணவரின் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் வாசித்தேன். எனக்கு வாசிக்கவே வராது, எழுத மட்டும்தான் வரும். கத்தரிக்கோல் கயிற்றில் படும் இடம் வந்தபோது பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப தம்பி அவுக்கலீங்களா சார்?"

"இல்லைங்க."

"சினிமாக்காரரே எழுதியிருக்கீங்க. நெசமாத்தான் இருக்கும்" என்று அழுதார்.

"நான் சொன்னதத்தான் மாமா அவரு எழுதியிருக்காரு" என்றார் அந்த அம்மா.

பெரியவர் காதில் அது அப்போதும் விழவில்லை.