வெள்ளைச் சீலைப் பாட்டு

சித்தப்பா வீட்டில் எந்தப் பாட்டையும் நாங்கள் முழுதாகக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் பழைய குடும்பப் படம் போகும். பூப்போட்ட துணியால் மூடி வைத்திருக்கும் பெட்டியைச் சின்னம்மா திறந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாய் விரித்து நிலத்தில் உட்காருவார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் காட்சியிலும், மாமியார் மருமகளை விரட்டும் காட்சியிலும் சித்தப்பா வாய் திறக்கமாட்டார். பாட்டுத் தொடங்கினால் போதும், எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றுகொள்வார். "இந்தப் பாட்டு எப்படி வந்த எண்டு தெரியுமா?" என்பார். அவருக்குப் பின்னால் கதாநாயகி பாவம், சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருப்பாள். அவர் கதை முடிவதும் பாட்டு முடிவதும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் கணக்கில் மட்டும் அவர் பிழை விட்டதேயில்லை.

சித்தப்பா என்றால் என் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். கண்டக்குழியில் கடல் தொழில். சென்னையை அவர் கண்டதும் இல்லை, அங்கே ஒருவரைத் தெரிந்ததும் இல்லை. வானொலியில் அறிவிப்பாளர்கள் சொன்ன துண்டு துணுக்குகள் கொஞ்சம். மீதி எல்லாம் வலையை இறக்கிவிட்டு வள்ளத்தில் சும்மா இருக்கும் நேரத்தில் அவர் தலையில் முளைத்தது. ஒரு பாசப் பாட்டில் பாடகரின் குரல் தழுதழுத்ததற்குக் காரணம் தங்கைப் பாசம் இல்லையாம், பாட வரும் முன் சாப்பிட்ட ஓரா மீனின் முள் தொண்டையில் நின்றதாம். சென்னையில் ஓரா மீன் சாப்பிடுவார்களா என்று நான் கேட்டேன். "நீ படிச்ச பிள்ளதானே, போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றார். அவர் கதைகளில் யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போவார். எல்லோரும் கைவிட்ட பிறகு ஒரு நாள் வந்து நிற்பார். கவிஞர் போனாலும் சரி, வயலின்காரர் போனாலும் சரி, சித்தப்பா திருப்பிக் கொண்டுவந்து சேர்க்காமல் விடமாட்டார். நான் நம்பவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகாமல் இருந்ததில்லை.

ஒரு கதையில் மட்டும் முடிவு வேறு. ஒரு மனைவி வாசலில் நின்று கணவனை நினைத்துப் பாடுகிற பாட்டு அது. அதை எழுதிய கவிஞர் கலியாணமான புதிதில் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டாராம். வருடக்கணக்காய்த் தகவல் இல்லை. சொந்தக்காரர்கள் மனைவியைப் பிடித்து, அவன் செத்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வெள்ளைச் சீலை உடுத்த வைத்துவிட்டார்களாம். அடுத்த நாள் கவிஞர் வந்திருக்கிறார். தெருவில் நின்றபடி பார்க்கிறார், தன் வாசலில் தன் மனைவி வெள்ளையில் நிற்கிறாள். இந்த வீட்டில் நான் செத்தவன், செத்தவனுக்கு உள்ளே என்ன வேலை என்று வந்த வழியே திரும்பிவிட்டாராம். அவளுக்காக எழுதியதுதான் இந்தப் பாட்டாம். பாயில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சின்னம்மா எல்லோரையும் விட அதிகமாக அழுதார். அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு எங்கள் வீட்டில் வெள்ளைச் சீலைப் பாட்டு என்று பெயர். பாட்டில் வெள்ளையும் இல்லை, சீலையும் இல்லை. படத்தில் அவள் கட்டியிருந்தது கட்டம் போட்ட சேலை.

யுத்தம் முடிந்தால் கடல் திறக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். திறந்தது. எல்லோருக்கும் திறந்தது, எங்கிருந்தெல்லாமோ பெரிய ரோலர் படகுகள் வந்து மீனை வாரிக்கொண்டு போயின, சின்ன வள்ளக்காரன் வெறும் வலையை உதறிக் காயப்போட்டான். அந்த நாட்களில்தான் எங்கள் கரையில் அவுஸ்திரேலியாக் கதை தொடங்கியது. ரோலரில் ஏறினால் போய்ச் சேரலாம் என்று ஒரு ஏஜன்ட் சொன்னான். போய்ச் சேர்ந்த இரண்டொருவர் அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார்கள். அதைக் கேட்டு இன்னும் பலர் புறப்பட்டார்கள். சித்தப்பாவும் ஒரு பின்னேரம் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரி சிலாபம் பஸ்ஸில் ஏறினார். "போய் இறங்கின உடன போன் எடுப்பன்" என்று சின்னம்மாவிடம் சொன்னார். மகளிடம், என் தங்கச்சிமுறையானவளிடம், படம் பார்க்கும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கும்படி பகிடி விட்டுப் போனார். அந்த ரோலரில் போன ஒருவரிடமிருந்தும் போன் வரவில்லை. கரையில் உடைந்த பலகை ஒதுங்கவில்லை, சடலம் ஒதுங்கவில்லை. கவிழ்ந்ததா, பிடிபட்டதா, எங்காவது சிறையில் கிடக்கிறார்களா என்று சொல்ல ஒரு மனிதர் இல்லை.

அந்த ரோலரில் போன மற்றவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாகச் செத்தவருக்கான பூசை வைத்தார்கள். படத்தைச் சட்டம் போட்டுச் சின்ன மின்குமிழ் கொளுத்தினார்கள். சின்னம்மா மட்டும் அசையவில்லை. என் அம்மா எத்தனையோ தரம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, அந்த வெள்ளைச் சீலைக்காரிட கதை உனக்குத் தெரியும்தானே" என்பார் சின்னம்மா, வேதப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்வது போல. எனக்கு எரிச்சலாக வரும். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்குச் சொன்ன ஒரு புளுகை இந்த மனிசி உயிராய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று. பூசை வைத்த அடுத்த நாள் அவர் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சின்னம்மாவின் பயம். வராமலே போவதை விட அது அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வருடங்கள் போய்த் தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் இருந்தால் அறிவியுங்கள் என்று ஃபாதர் வாசிப்பார். பெற்றவர் இறந்திருந்தால் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல் வந்தால் கோயிலில் இருக்கிறவர்கள் சிலுவை போட்டுக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவின் பெயரை எப்படி எழுத என்று ஃபாதர் கேட்டார். "பேர மட்டும் எழுதுங்க ஃபாதர்" என்றார் சின்னம்மா.

அதில்தான் வந்தது வினை. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு சந்தேகம். செத்தவர் என்றால் செத்தவர் என்று சொல்லட்டும், இருக்கிறார் என்றால் மகளின் கலியாணத்துக்குக் கூட வராத மனிதர் எங்கே இருக்கிறார்? அவுஸ்திரேலியாவில் வேறு குடும்பம் எடுத்துவிட்டார் என்று ஏற்கனவே ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஞாயிறு அந்தச் சொல் இல்லாமல் ஓலை வாசித்தபோது பின்வரிசை வாங்குகளில் குசுகுசுப்பு எழுந்ததை நானே கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்து தங்கச்சி வெடித்தாள். "செத்தவரெண்டு சொன்னா அப்பாக்கு மரியாத இருக்கும்மா. நீங்க சொல்லாததால ஓடினவரெண்டு கதைக்கிறாங்க. நான் ஓடினவன்ட மகளாவா கோயிலுக்குள்ள நடக்கிற?" சின்னம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாயும் மகளும் அந்தக் கிழமை முழுக்க ஒரே குசினியில் முகம் பார்க்காமல் சமைத்தார்கள். கலியாணம் நிற்கும் என்றே நாங்கள் நினைத்தோம்.

இரண்டாம் ஞாயிறும் பெயர் மட்டும்தான் வாசிக்கப்பட்டது. பின்னேரம் பலகாரம் சுட எல்லோரும் சின்னம்மா வீட்டில் கூடியிருந்தோம். தொலைக்காட்சி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்கு முன் பழைய பாட்டுகளின் பின்னணியைச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. அந்தக் காலத்தில் வாத்தியம் வாசித்த முதியவர் ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் எடுத்தது வெள்ளைச் சீலைப் பாட்டை. முதல் வரி கேட்டதும் சின்னம்மா மாப்பிடித்த கையோடு எழும்பி வந்து நின்றார். முதியவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த மெட்டு முதலில் ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குகிற வேடிக்கைப் பாட்டுக்குப் போட்டதாம். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். மெட்டு வீணாகக் கிடக்கிறதே என்று சோகப் பாட்டாக மாற்றச் சொன்னார்களாம். கவிஞர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பாயாசம் எங்கே என்று கேட்டாராம். "அவருக்குக் கடைசிவரைக்கும் கல்யாணமே ஆகலைங்க, பொண்டாட்டி ஏக்கத்தை எப்படித்தான் எழுதினாரோ" என்று முடித்தார். நிகழ்ச்சி நடத்திய பெண்ணும் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாச்சியில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. போய் அந்தப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும் போல் எனக்கு இருந்தது, ஆனால் போகவில்லை. இவ்வளவு நாளும் இது புளுகு என்று சின்னம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லத் துடித்தவள் நான். அதை வேறொருவர் சொல்லிவிட்டபோது, அந்த முதியவரின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பாட்டு முழுச் சத்தத்தோடு போனது. அவ்வளவு வருடத்தில் அன்றைக்குத்தான் அதை முழுதாகக் கேட்டேன், நல்ல பாட்டு. முடியும்வரை சின்னம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய்யன்" என்றார் மெதுவாக. கோபமாகச் சொன்ன மாதிரி இருக்கவில்லை, செல்லமாகத்தான் சொன்னார். பிறகு கையில் ஒட்டிய மாவை உருட்டி உருட்டி உதிர்த்துக்கொண்டு, "எல்லாம் பொய்தான் சொல்லியிருக்கார். போன் எடுப்பன் எண்டதும்" என்றார். தங்கச்சி ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். சின்னம்மா அழவில்லை. எண்ணெய் கருகுது, போய்ப் பார் என்று மகளை அனுப்பினார். அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனார். "அந்தச் சொல்லப் போடுங்க ஃபாதர்" என்றார். எந்தச் சொல் என்று ஃபாதர் கேட்கவில்லை.

இப்போது யாருக்கும் சித்தப்பா தேவையில்லை. கைபேசியில் ஒரு பாட்டைத் தட்டினால் அதன் பின்னணிக் கதை பத்து வருகிறது. ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொல்கிறார்கள், எது மெய் என்று அவர்களுக்கே தெரியாது. நான் கேட்பதில்லை. மெய்யான கதை ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. சின்னம்மா நீலத்தில் பூப்போட்ட சேலை கட்டி முன் வாங்கில் இருந்தார். ஃபாதர் மாப்பிள்ளையின் பெயரை, அவரின் பெற்றோரின் பெயரை வாசித்தார். பிறகு சிறிது நிறுத்தி, காலஞ்சென்ற என்று தொடங்கிச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். கோயில் முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போயின. பக்கத்தில் இருந்த தங்கச்சியும் சிலுவை போட்டாள். சின்னம்மாவின் கை மடியிலேயே கிடந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி நேரே வந்து, செத்த வீட்டில் பிடிப்பது போலச் சின்னம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பிறகு ஆண்களும் வந்தார்கள். கலியாண ஓலை வாசித்த அன்று, கோயில் முற்றத்தில், சவம் இல்லாத ஒரு செத்த வீடு அப்படியே நடந்தது. இத்தாலியில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு அக்காவுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. வரிசையில் வந்து கையைப் பிடித்து, "எனக்குத் தெரியாமப் போச்சே, எப்ப தவறிப் போனவர்?" என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்ல வாய் எடுத்தேன்.

"இண்டைக்குத்தான்" என்றார் சின்னம்மா.