ஜாக்கி ஏறியாச்சா?

இது நடந்தது. எனக்குக் கதை கட்ட வராது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். வழியில் ஏதாவது நடந்தால் தாளில் எழுத வேண்டும்: என்ன தேதி, எத்தனை மணி, என்ன சத்தம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அந்த வேலையில் எனக்கு ஒரு வித்தை கைவந்தது. வண்டிப் படியில் யாராவது கால் வைத்தால் வண்டி அந்தப் பக்கம் லேசாக அமுங்கும். உள்ளே நடக்க நடக்க ஆடும். ஆளுக்கு ஆள் அந்த ஆட்டம் மாறும். ஏறியது யார், எவ்வளவு எடை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். டிரைவருக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று பிள்ளைகள் பயந்துகிடப்பார்கள். என் கணவர் ஆர்வில் என்னை 'டிரைவரம்மா' என்று கிண்டல் செய்வதும் அதனால்தான்.

போன மாதம், அக்டோபரில், எங்களுக்குப் பழைய மோட்டார்ஹோம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய வண்டி அது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆர்விலுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆள் இளைத்து நூற்றுமுப்பது பவுண்டுக்கு வந்துவிட்டார். மின்னசோட்டாவில் இன்னொரு பனிக்காலத்தை இவர் தாங்க மாட்டார், அரிசோனாவின் காய்ந்த காற்றுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றாயிற்று. நவம்பர் ஒன்றாம் தேதி சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் வண்டி கிடைக்காவிட்டால் எங்களுக்குக் கூரை இல்லை. பனி விழுந்துவிட்டால் எனக்கு ஆர்வில் இல்லை.

அக்டோபர் இருபத்துநான்கு. பெமிட்ஜி ஊருக்கு வடக்கே, பைன் மரங்களுக்கு நடுவே தனியாக ஒரு வீடு. விற்பவர் ஆர்லிஸ் என்ற எழுபது வயது அம்மாள். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். முற்றத்தில் வண்டி நின்றது. இருபத்தெட்டு அடி நீளம், தொண்ணூற்றெட்டாம் வருட மாடல்.

நான் லேசில் திருப்திப்படுகிறவள் இல்லை. கையில் மூன்று பக்க லிஸ்ட். முதலில் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. விற்பதற்காக முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு எண்ணைப் படித்தேன். டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் தெரியும், புதுசுதான். தரையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டே போனேன். எங்கேயும் பொதபொதவென்று உள்வாங்கவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். ஈர வாடை இல்லை. விஷவாயு வந்தால் அலறும் அலாரம்கூடக் காலாவதி ஆகவில்லை. கூரையைப் பார்க்க ஏணி வைத்தபோது ஆர்லிஸ் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறி, சருகைக் கையால் ஒதுக்கிக் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையோ மலிவு.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பழைய வண்டியை வாங்குமுன் ஒரு ராத்திரி அதில் படுத்துப் பார்க்க வேண்டும். ஹீட்டர், குழாய், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் வண்டவாளமும் அப்போதுதான் வெளிவரும். நான் கேட்டதும் ஆர்லிஸ் ஒப்புக்கொண்டார். உள்ளே வந்து சுவிட்சுகளைக் காட்டச் சொன்னேன். முட்டி வலி, படி ஏற முடியாது என்றார். சற்று முன்தான் ஏணியில் ஏறி இறங்கியிருந்தார்.

மாலை 5.30. உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் அடுக்கிச் சுட்ட பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் சாப்பாடு கொண்டுவருகிறவர் ஒரு காலை வாசலுக்குள் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் போகமாட்டார். ஆர்லிஸ் இரண்டு காலையும் மண்ணிலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பாத்திரத்தைக் கொடுத்தார். கூடவே ஒரு பிளாஸ்க் காபி.

மூன்று கோப்பைகள்.

"ஜாக்கியை மட்டும் அப்படியே விட்டுடுங்க, வெர்னா" என்றார்.

நாங்கள் வந்ததுமே ஒரு தடவை சொல்லியிருந்தார். இது இரண்டாவது. தன் வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று மூன்றாவது தடவையும் சொன்னார். எங்கள் ஆட்கள் எதையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மெதுவாக மூன்று தடவை சொன்னால் அது கட்டளை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனால் என் புத்தி வேறு பக்கம் போனது. வண்டியின் நாலு மூலையிலும் இரும்புக் கால் மாதிரி ஜாக்கி இறங்கியிருந்தது. அது ஊன்றி நிற்கும்வரை வண்டி அசையாது. ஸ்பிரிங் செத்துப்போயிருந்தாலும் தெரியாது. இதைத்தான் அம்மாள் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

ஜாக்கியைத் தூக்குவது ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியாகச் செய்யும் வேலை. நான் அதை மாலை 6.20-க்குச் செய்தேன்.

ங்ங்ங்... டக். நாலு கால்களும் மேலே போயின. நடுவில் இருந்த மேசையில் என் ரசமட்டத்தை வைத்தேன். கொத்தனார் வைத்திருப்பாரே, கண்ணாடிக்குள் குமிழி ஓடும் கட்டை, அதுதான். குமிழி நட்டநடுவில் நின்றது. ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. அந்த அம்மாளை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

7.00. ஆர்வில் பின்பக்கக் கட்டிலில் படுத்தார். ஆக்சிஜன் மெஷின் ஓடியது. ஷ்ஷ்... டப். ஷ்ஷ்... டப். நான் கதவைப் பூட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்து லிஸ்ட்டைப் பார்த்தேன். கதவு எனக்கு முன்னால், கட்டில் எனக்குப் பின்னால். பேய் வருவதற்கு நள்ளிரவு ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அப்போது எட்டு மணிகூட ஆகவில்லை.

7.48. வண்டி கதவுப் பக்கம் அமுங்கியது.

படியில் யாரோ கால் வைத்தது போல. குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. எந்தப் பக்கம் கனமோ, குமிழி அதற்கு எதிராகத்தான் ஓடும். நிமிர்ந்து பார்த்தேன். கதவு பூட்டியபடி இருந்தது. காற்றும் இல்லை. வெளியே பைன் மரங்கள் அசையவே இல்லை.

லிஸ்ட்டில் எழுதினேன்: '7.48. வலப்பக்கம் அமுங்கல். ஸ்பிரிங்?'

கை எழுதிக்கொண்டிருந்தது. உடம்பு வேறு கணக்குப் போட்டது. பெரிய ஆள். நூற்றறுபது பவுண்டு இருக்கும்.

பிறகு தரை ஆடியது. ஒரு கனமான அமுங்கல்... ஒரு இழுப்பு. ஒரு அமுங்கல்... ஒரு இழுப்பு. ஒரு காலைத் தேய்த்து நடக்கிறவர் ஏறினால் வண்டி இப்படித்தான் ஆடும்.

அது என்னை நோக்கி வந்தது.

கோப்பையில் காபி வட்டம் போட்டது. குமிழி மெல்ல மெல்ல முன்பக்கம் நகர்ந்தது. கனம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து... தாண்டி... பின்பக்கம் போனது.

கட்டிலுக்கு.

வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. தாழ்ந்தபடியே நின்றது.

7.53. ஆர்வில் தூக்கத்தில் பேசினார்.

"போதும் வெர்னா... லிஸ்ட்டை நாளைக்குப் பாத்துக்கலாம். போர்வையை இழுக்காதே."

நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஷ்ஷ்... டப். ஷ்ஷ்... டப்.

நடுவில் இன்னொரு மூச்சு. சீழ்க்கை மாதிரி. மெஷினோடு ஒட்டாமல்...

எழுந்து போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஆர்வில் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மெத்தையில் ஒரு பள்ளம். ஆள் நீளத்துக்கு.

அவர் தோளைப் பிடித்தேன். "எழுந்திரிங்க. கேஸ் வாடை வருது. வெளியே போகலாம்."

பொய். ஆனால் எங்கள் ஆட்களை எழுப்ப அது போதும்.

பள்ளம் மெதுவாக... நிரம்பியது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். வண்டி ஒரு முறை எழும்பியது. ஆர்வில் இறங்கினார். இரண்டாம் முறை எழும்பியது.

இருவரும் புல்லில் நின்றோம். ஆர்வில் இருமினார். நான் டார்ச்சைக் கதவின் மேல் அடித்தேன்.

8.02.

படி கிரீச்சிட்டது.

வண்டி மூன்றாம் முறை எழும்பியது.

"என்ன அது?" என்றார் ஆர்வில்.

"ஸ்பிரிங்" என்றேன்.

நாங்கள் வந்த பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வீடு வரும்வரை, எழுபது நிமிடமும், நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறை அப்படி ஓட்டினேன்.

மறுநாள் காலை 7.30-க்கு போன் அடித்தது. ஆர்லிஸ். ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்கவில்லை. ஹீட்டர் எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை.

"நீங்க இறங்கினப்போ வண்டி எத்தனை தடவை எழும்புச்சு, வெர்னா?"

மூன்று என்றேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன். அது நிம்மதி என்று பிறகுதான் புரிந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். கணவர் பெயர் டெல்மர். அவருக்கும் நுரையீரல்தான். அவர்களும் அரிசோனாவுக்குப் போகத்தான் அந்த வண்டியை வாங்கினார்களாம். கிளம்பும் நாளுக்கு முந்தின நாள், அந்தக் கட்டிலிலேயே டெல்மர் போய்விட்டார். சின்ன வயதில் டிராக்டர் ஏறியதில் அவருக்கு இடது கால் இழுக்கும். நான் நடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"ஜாக்கி இறங்கியிருந்தா அவருக்கு அது வீடு, வெர்னா. எங்கேயோ அவர் பாட்டுக்கு இருப்பார். தூக்கினா, ஊருக்குக் கிளம்புறோம்னு வந்து ஏறிக்குவார். உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான். ஏறும்போதே கேட்பார், ஜாக்கி ஏறியாச்சான்னு."

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"மூணு தடவை சொன்னேனே" என்றார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு, "இன்னிக்குக் காலைல நான் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துல முதல் தடவை. வண்டி காலியா இருக்கு. வேணும்னா இப்போ நீங்க வாங்கிக்கலாம்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். ஆர்விலிடம் எதையும் சொல்லவில்லை. அந்த நுரையீரலுக்கு நான் பயத்தை வேறு கொடுக்கத் தயாராக இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி வேறு ஊரில் வேறு வண்டி வாங்கினோம். முப்பத்தொன்றாம் தேதி கிளம்பினோம். நவம்பர் ஆறில் அரிசோனா வந்து, பாலைவனத்தில் மற்ற வண்டிகளோடு நிறுத்தினோம். வழியில் எங்கும் இறக்காத இந்த வண்டியின் ஜாக்கியை, இறங்குமுன் இறக்கினேன். அதன்பின் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஆர்விலின் இருமல் நின்றது. ஒரு வாரத்தில் மெஷின் இல்லாமல் தூங்கினார். இங்குள்ள டாக்டரே ஆச்சரியப்பட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை. அந்த ராத்திரியை மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நேற்றுக் காலை 9.15-க்கு ஜாக்கியைத் தூக்கினேன். வேறு வழியில்லை. ங்ங்ங்... டக். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்வில் வெளியே தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்தார். நிழல் ஒன்றுதான் இருந்தது.

குழாயைப் பெட்டியில் வைத்து மூடும் சத்தம். படியில் கால்.

வண்டி அமுங்கியது. ஆர்வில் ஏறினால் அமுங்குவதைவிட அதிகமாக அமுங்கியது. நூற்றறுபது பவுண்டு.

"ஜாக்கி ஏறியாச்சா?"

குரல் ஆர்விலுடையதுதான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என்னை ஜாக்கி பற்றிக் கேட்டதே இல்லை.

ஒரு அமுங்கல்... ஒரு இழுப்பு.

ஒரு அமுங்கல்... ஒரு இழுப்பு.

பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. இருமல் இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தேன்.